கம்பங்களின் நடுவே ஓர் அந்நியர்

பகைவரை மன்னிக்க வேண்டும் என்று பிரசங்க பீடத்தில் நின்று சொல்லுவது எளிது. கேட்போரும் தலையசைப்பர். ஆனால் அந்தப் பகைவர் நம் ஊருக்கே வந்து குடியேறி, வாரந்தோறும் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் நின்று, நம் ஊரின் சட்டையையே அணிந்துகொண்டு, நம் கைத்தட்டலுக்கும் உரியவராக நிற்பாரானால் என் செய்வோம்? இரண்டாம் உலகப் போர் முடிந்து நான்கே ஆண்டுகள் சென்றிருந்த வேளையில் இங்கிலாந்து நாட்டின் மான்செஸ்டர் நகரம் இக்கேள்விக்கு விடை தேட நேர்ந்தது. வந்து நின்றவர் பெர்ட் டிரவுட்மன் என்னும் ஜெர்மானியர். கால்பந்தாட்டத்தில் கோல் காப்பது அவர் தொழில். 1949 முதல் 1964 வரை மான்செஸ்டர் சிட்டி என்ற ஒரே அணிக்காக அவர் 545 ஆட்டங்கள் ஆடினார். விளையாட்டுச் செய்திகளில் நாட்டமில்லாத வாசகர்களும் இவரைப் பற்றி அறிந்துகொள்வது நன்று என்று எண்ணியே இம்மாதம் இவரை எடுத்துக்கொண்டோம்.

பிரேமன் என்னும் துறைமுக நகரில் 1923-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் பிறந்தவர் அவர். பெர்ன்ஹார்ட் என்பது பெற்றோர் இட்ட பெயர். தந்தை துறைமுகத்தை அண்டிப் பிழைத்த தொழிலாளி. ஹிட்லர் ஆட்சியைக் கைப்பற்றிய 1933-இல் சிறுவனுக்கு வயது ஒன்பது. அவ்வயதிலேயே நாஜிகளின் சிறுவர் படையில் சேர்க்கப்பட்டான். பிள்ளைகளுக்கு அங்கே ஓட்டமும் பந்தாட்டமும் முகாம் வாழ்க்கையும் தாராளமாகக் கிடைத்தன. அவற்றோடு சேர்த்து நஞ்சும் ஊட்டப்பட்டது. பந்தையும் நஞ்சையும் ஒரே கையால் கொடுத்தால் அவ்வயதுப் பிள்ளை எதை ஏற்கும், எதைத் தள்ளும்? 1941-இல் பதினேழே வயதில் தானே முன்வந்து விமானப்படையில் சேர்ந்தார். பின்னர் பாராசூட் வீரராகிக் கிழக்குப் போர்முனையில் ரஷியர்களை எதிர்த்துப் போரிட்டு, இரும்புச் சிலுவை என்னும் வீரப் பதக்கமும் பெற்றார்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் கடந்து செல்ல நமக்கு மனம் வரவில்லை. உக்ரேன் நாட்டுக் காடொன்றில், ஆணும் பெண்ணும் குழந்தையுமாக மக்களைக் குழியின் ஓரத்தில் நிறுத்திச் சுட்டுத் தள்ளிய கொடுமையை மறைந்திருந்து கண்டவர் இவர். தாம் கண்டதை முதுமைக் காலத்தில் அவரே வெளிப்படையாகக் கூறினார். ஆகவே இங்கே நாம் எழுதுவது ஒன்றும் அறியாத அப்பாவியின் கதையன்று. வெள்ளையடித்துக் காட்டப்படும் மனிதர்களிடமிருந்து நாம் கற்பது சிறிதே.

போர் முடியும் தறுவாயில் பிரிட்டிஷார் கையில் சிக்கினார். சிறைப்பட்ட ஜெர்மானியரை விசாரித்து, நாஜிக் கொள்கையில் ஊறியவர் யார், ஊறாதவர் யார் என்று தரம் பிரிப்பது அன்றைய வழக்கம். டிரவுட்மன் முதலில் மிகக் கடுமையான பிரிவிலேயே வைக்கப்பட்டார். வதை முகாம்களில் எடுக்கப்பட்ட திரைப்படக் காட்சிகள் கைதிகளுக்குக் காட்டப்பட்டன. நாளடைவில் அவரைப் பற்றிய மதிப்பீடு சற்றுத் தணிந்தது. லங்காஷயர் பகுதியில் ஆஷ்டன் இன் மேக்கர்ஃபீல்டு என்ற சிற்றூரின் அருகிலிருந்த 50-ஆம் எண் முகாமுக்கு மாற்றப்பட்டார்.

அம்முகாமில் கைதிகள் கால்பந்து ஆடினார்கள். அதுவரை டிரவுட்மன் களத்தின் நடுவே ஓடியாடியவரேயன்றிக் கோல் காத்தவர் அல்லர். ஒருநாள் ஆட்டத்தில் காயமுற்று, கோலில் நின்ற தோழரோடு இடம் மாற்றிக்கொண்டார். மாறிய இடமே வாழ்நாள் இடமாயிற்று. ஆங்கிலேயர் வாயில் நுழையாத பெர்ன்ஹார்ட் என்ற பெயரும் பெர்ட் என்று சுருங்கியது.

1948-இல் தாயகம் திரும்பலாம் என்று வழி திறந்தபோது அவர் திரும்பவில்லை. பண்ணையில் உழைத்தார். பின்பு லிவர்பூல் பக்கத்தில் வெடிக்காமல் மண்ணில் புதைந்து கிடந்த குண்டுகளை அகற்றும் பணியில் ஈடுபட்டார். அக்குண்டுகள் அவருடைய நாட்டு விமானங்கள் வீசியவை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஓய்வு நேரங்களில் செயின்ட் ஹெலன்ஸ் டவுன் என்னும் சிறிய சங்கத்துக்காகக் கோல் காத்தார். இந்த ஜெர்மானியரைக் காணவே கூட்டம் பெருகிற்று. பெரிய சங்கங்களின் பார்வையும் அவர்மேல் விழுந்தது. 1949 அக்டோபரில் மான்செஸ்டர் சிட்டி சங்கம் அவரை ஒப்பந்தம் செய்தது. அச்சங்கத்துக்கு முன்னர் கோல் காத்தவர் ஃபிராங்க் ஸ்விஃப்ட் என்னும் பெரும்புகழ் பெற்ற வீரர். ஊராரின் செல்லப் பிள்ளை என்றே சொல்லலாம். அவர் நின்ற இடத்துக்கு ஒரு ஜெர்மானியர் வருகிறார்!

மான்செஸ்டர் அப்போது எந்நிலையில் இருந்தது என்பதையும் வாசகர் அறிய வேண்டும். 1940-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விழாவுக்கு முந்தைய இரண்டு இரவுகளில் ஜெர்மன் விமானங்கள் அந்நகரின்மேல் குண்டு மழை பொழிந்து அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தன. அடுத்த மார்ச்சு மாதத்தில் மற்றோர் உள்ளூர் அணியாகிய மான்செஸ்டர் யுனைட்டெட் அணியின் ஓல்டு டிராஃபோர்டு மைதானமும் குண்டுகளால் சிதைந்தது. போர் முடிந்த பின்னும் அவ்வணி சிட்டி அணியின் மெயின் ரோடு மைதானத்தில் ஒண்டுக் குடித்தனம் இருந்து, 1949-இல்தான் தன் இடத்துக்குத் திரும்பியது. அதே ஆண்டில்தான் டிரவுட்மனும் மெயின் ரோடுக்கு வந்தார். இவையன்றி, மகனைப் போரில் இழந்த தாயரும், அங்கம் இழந்த முன்னாள் வீரரும் தெருவுக்குத் தெரு இருந்தனர். ஐரோப்பாவில் சுற்றமெல்லாம் கொலையுண்டு தாம் மட்டும் தப்பியிருந்த யூதர்களும் அந்நகரில் பெருந்தொகையாக வாழ்ந்தனர். அவர்களுள் சிட்டி அணியின் நெடுநாள் ஆதரவாளர்களும் பலர்.

ஊர் கொதித்தது. ஆண்டுச் சீட்டு வாங்கியிருந்தோர் அவற்றைத் திருப்பித் தருவோம் என்றனர். சங்கத்துக்குக் கண்டனக் கடிதங்கள் குவிந்தன. ஏறத்தாழ 20,000 பேர் தெருவில் இறங்கி எதிர்ப்புத் தெரிவித்தனர் என்று இன்றும் சொல்லப்படுகிறது. இவர்களைக் குறுகிய மனம் படைத்தவர் என்று பழிப்பது எளிது. நாம் அவ்வாறு பழிக்க மாட்டோம். துயரத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. காயம் ஆறுமுன்னே கட்டை அவிழ்க்கச் சொன்னால் எவரும் கையைத் தட்டிவிடவே செய்வர்.

இந்தக் கொந்தளிப்பின் நடுவே ஒரு குரல் எழுந்தது. மான்செஸ்டர் நகர யூத சமூகத்தின் ரபியாகிய அலெக்சாண்டர் ஆல்ட்மன் பத்திரிகை வாயிலாக ஒரு கடிதம் எழுதினார். அவர் யார்? ஜெர்மனியிலே டிரையர் நகரில் வளர்ந்து, பெர்லினில் ரபியாகப் பணியாற்றி, நாஜிகளின் கொடுமை தாங்காது 1938-இல் இங்கிலாந்துக்குத் தப்பி வந்தவர். பேரறிஞர். யூத மெய்யியல் வரலாற்றில் அவர் எழுதிய நூல்கள் இன்றும் கற்கப்படுகின்றன. அவருடைய தந்தை ஆடால்ஃப் ஆல்ட்மன், டிரையர் நகரத்தின் தலைமை ரபி. அந்த முதியவர் 1944-இல் ஆஷ்விட்ஸ் வதை முகாமில் மாண்டார். ஜெர்மானியரை வெறுக்க ஒருவருக்கு உரிமை உண்டென்றால் அவ்வுரிமை இந்த மகனுக்கு இருந்தது.

அக்கடிதத்தின் சாரம் இதுதான்: ஜெர்மானியர் கையில் நாம் அடைந்த கொடுமைகள் பயங்கரமானவை. ஆயினும் அக்குற்றங்களோடு தொடர்பற்ற தனியொரு ஜெர்மானியரை வெறுப்பின் காரணமாகத் தண்டிக்க நாம் முயல மாட்டோம். இந்த ஆட்டக்காரர் நல்ல மனிதராக இருப்பாரானால், அவர் இங்கு ஆடுவதில் தீங்கொன்றும் இல்லை. ஒவ்வொருவரையும் அவரவர் தகுதியை வைத்தே எடைபோட வேண்டும்.

வாசக அன்பர்கள் இதனை மறுமுறை படிக்க வேண்டும். மன்னித்துவிட்டோம் என்று ரபி எழுதவில்லை. மறப்போம் என்றும் எழுதவில்லை. ஆஷ்விட்ஸில் மடிந்தவர்கள் சார்பாக மன்னிப்பு வழங்கும் அதிகாரம் தமக்கு உண்டென்று அவர் பாவிக்கவில்லை. ஓர் இனத்தின் குற்றத்தை அவ்வினத்தில் பிறந்த ஒவ்வொருவன் தலையிலும் ஏற்றுதல் கூடாது என்பதே அவர் வாதம். அவ்வாறு ஏற்றியதன் விளைவைத் தம் குடும்பத்திலேயே கண்டவர் அல்லவா அவர்! அதோடு, 'நல்ல மனிதராக இருப்பாரானால்' என்று ஒரு நிபந்தனையும் வைத்தார். கதவைத் திறந்துவிட்டார். உள்ளே வருபவன் எப்படிப்பட்டவன் என்பதை வந்தவனே நாள்தோறும் நடந்து காட்டட்டும் என்று விட்டுவிட்டார். மன்னிப்பைப் பற்றி நாம் கேட்ட உருக்கமான சொற்பொழிவுகள் பலவற்றைவிட, உருக்கமே இல்லாத இச்சில வரிகள் நமக்கு மேலானவையாகத் தோன்றுகின்றன. உருக்கம் ஒரு மாலைப் பொழுதோடு கரைந்துவிடும். நீதி அப்படிக் கரைவதில்லை.

கடிதம் வெளியான பின் எதிர்ப்பு ஒரேயடியாக அடங்கிவிடவில்லை. எனினும் மெல்லத் தணியத் தொடங்கியது. சங்கத்தின் உள்ளேயும் ஒருவர் துணை நின்றார். அணித் தலைவர் எரிக் வெஸ்ட்வுட், நார்மண்டிக் கரையில் இறங்கி ஜெர்மானியரை எதிர்த்துப் போரிட்ட வீரர். அவரே முன்வந்து, வீரர்கள் உடைமாற்றும் இவ்வறையில் போருக்கு இடமில்லை என்று சொல்லிப் புதியவரை வரவேற்றார். எதிரியை நேருக்கு நேர் கண்டவருக்கு அவரோடு கைகுலுக்குவது, எதிரியைக் காணாதவரைவிட எளிதாக இருப்பதுண்டு போலும்.

1949 நவம்பரில் போல்ட்டன் அணிக்கு எதிராக முதன்முதலாக களமிறங்கினார். 1950 ஜனவரியில் லண்டன் நகரில் ஃபுல்ஹம் அணியோடு ஆட்டம். லண்டனும் குண்டுகளால் சிதைந்த நகரமே. நாஜி என்றும், இங்கே எழுதத் தகாத வேறு பெயர்களாலும் கூட்டத்தினர் அவரை ஏசினர். அந்தப் பருவத்தில் சிட்டி மிகவும் நலிந்திருந்த அணி. அவ்வாண்டு முடிவில் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. ஆதலால் அன்று பல கோல்கள் விழும் என்றே எல்லாரும் எதிர்பார்த்தனர். விழுந்தது ஒன்றே ஒன்று. வந்த பந்துகளையெல்லாம் டிரவுட்மன் தடுத்துக்கொண்டே இருந்தார். இறுதி ஊதல் ஒலித்ததும் ஏசிய கூட்டமே எழுந்து நின்று கைதட்டியது. இரு அணி வீரர்களும் இரு பக்கமும் நின்று கைதட்டி அவரை வழியனுப்பினர். தோற்ற அணியின் கோல் காப்பாளருக்கு அத்தகைய மரியாதை கிடைப்பது அபூர்வம்.

கோல் காப்பது எத்தகைய தொழில் என்று சற்றே விளக்குவோம். நாம் குருமடத்தில் ஆடிய காலத்தில், ஓடத் தெரியாதவனைக் கோலில் நிறுத்துவதுதான் வழக்கம். மைதானத்தில் அதைவிடப் பாவப்பட்ட இடம் வேறில்லை. முன்னணி ஆட்டக்காரர் பத்துமுறை குறி தவறினாலும் பதினோராவது முறை கோல் போட்டால் வீரராகிவிடுவார். கோல் காப்பாளர் பத்துமுறை காத்து ஒருமுறை தவறினால், அந்த ஒன்றைத்தான் ஊர் பேசும். பதினொருவருள் கையால் பந்தைத் தொட உரிமை பெற்றவர் அவர் ஒருவரே. தனித்து நிற்பவரும் அவர் ஒருவரே. டிரவுட்மன் காலத்தில் இன்றுள்ளவை போன்ற தடித்த கையுறைகள் இல்லை. மழையில் நனைந்த தோல் பந்து கல்லைப்போல் கனத்தது. பந்தைப் பிடித்த காப்பாளரை எதிரணியார் தோளால் இடித்துத் தள்ளுவதையும் அன்றைய விதிகள் பெரிதும் அனுமதித்தன. காயமடைந்தவருக்கு மாற்று ஆள் இறக்கும் வழக்கமும் இல்லை. அவ்வாட்டத்திலும் எதிரியின் கால்களிடையே தலையை நீட்டிப் பாய்ந்து பந்தைப் பறிப்பதில் டிரவுட்மன் அஞ்சாதவர். பாராசூட் வீரராயிருந்தவருக்கு விழுவதில் அச்சமில்லை என்று ஊரார் பேசிக்கொண்டனர்.

இன்னொரு வகையிலும் அவர் வேறுபட்டிருந்தார். பந்து கையில் வந்ததும் அதைக் கண்காணாத தூரத்துக்கு உதைப்பதே அந்நாளைய காப்பாளர் பலரது பழக்கம். உதைத்த பந்து பாதி வேளை எதிரியிடமே போய்ச் சேரும். டிரவுட்மனோ பிரேமனில் சிறுவயதில் கைப்பந்தாட்டம் பயின்றவர். வலிமைமிக்க கையால் பந்தை நெடுந்தூரம் எறிந்து, தம் அணியில் ஆள் மறிக்காமல் நிற்பவரின் காலடியிலேயே சேர்ப்பித்தார். 1953 நவம்பரில் ஹங்கேரி அணி வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்தை 6-3 என்ற கணக்கில் வீழ்த்தியது. அதைக் கண்டு பாடம் கற்ற சிட்டி அணி, டான் ரெவி என்னும் வீரரைச் சற்றுப் பின்தங்கி நிற்கச் செய்து, பந்தைத் தரையோடு கோத்துச் செல்லும் ஆட்டமுறையை வகுத்தது. அம்முறையில் தாக்குதல் தொடங்குமிடம் டிரவுட்மனின் கை. காவல் செய்பவரே படையெடுப்பைத் தொடங்கி வைப்பவராகவும் ஆனார்.

அயல்நாட்டில் தொழில் செய்தவருக்கு ஒரு விலையும் இருந்தது. 1952-இல் ஜெர்மனியின் ஷால்கே சங்கம் அவரை விலைக்குக் கேட்டது. சிட்டி கொடுக்க மறுத்தது. மேற்கு ஜெர்மனியின் தேசிய அணிப் பயிற்சியாளர் செப் ஹெர்பெர்கர், தாயகத்தில் ஆடுவோரையே அணியில் சேர்ப்பேன் என்ற கொள்கையில் நின்றார். ஆகவே 1954-இல் மேற்கு ஜெர்மனி உலகக் கோப்பையை வென்றபோது, அந்நாட்டின் தலைசிறந்த காப்பாளர்களுள் ஒருவர் மான்செஸ்டரில் இருந்தார். தம் தேசிய அணிக்காக ஒருமுறைகூட அவர் ஆடவில்லை. பிறந்த நாட்டில் அவர் வெளிநாட்டில் இருப்பவர். புகுந்த நாட்டிலோ அந்நியர். பிழைப்பின் பொருட்டு கடல் கடந்த பிள்ளைகளையுடைய வீடுகளில் இதனை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு வந்தது 1956. அதற்கு முந்திய ஆண்டில் சிட்டி எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் நியூகாசில் அணியிடம் 3-1 என்று தோற்றிருந்தது. மறுமுறையும் இறுதிக்கு வந்தது. மே 5-ஆம் நாள், வெம்பிளி மைதானம், ஒரு லட்சம் பேர். எதிரணி பர்மிங்ஹம் சிட்டி. மான்செஸ்டர் 3-1 என முன்னிலையில் இருக்கிறது. ஆட்டம் முடிய ஏறக்குறைய பதினேழு நிமிடங்கள். பர்மிங்ஹமின் பீட்டர் மர்ஃபி பந்தோடு பாய்ந்து வருகிறார். டிரவுட்மன் வழக்கம்போல் அவர் காலடியில் பாய்ந்து பந்தைப் பற்றினார். மர்ஃபியின் முழங்கால் அவர் கழுத்தில் மோதியது. நினைவிழந்து விழுந்தார். தெளிவித்து எழுப்பினார்கள். மாற்று ஆள் இல்லையாதலால் மீண்டும் கம்பங்களின் நடுவே சென்று நின்றார். கண்முன்னே எல்லாம் மங்கலாகத் தெரிந்ததாகப் பின்னாளில் கூறினார். அந்நிலையிலேயே மேலும் பந்துகளைத் தடுத்தார். சிட்டி வென்றது. பதக்கம் வாங்கப் படியேறிச் சென்றபோது தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அரசியின் கணவர் இளவரசர் ஃபிலிப்பும் அதைக் கவனித்து வினவினார்.

கழுத்துச் சுளுக்கு என்றே முதலில் எண்ணினர். அன்றிரவு விருந்திலும் கலந்துகொண்டார். நான்காம் நாள் மான்செஸ்டர் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தபோதுதான் உண்மை தெரிந்தது. கழுத்தில் ஐந்து முதுகெலும்புகள் இடம்பெயர்ந்திருந்தன. இரண்டாவது எலும்பு இரண்டாகப் பிளந்திருந்தது. மூன்றாவது எலும்பு நகர்ந்து அதன்மேல் ஆப்புப்போல் இறுகி நின்றதால்தான் உயிர் தங்கியது. முறிந்த கழுத்தோடு ஒரு மனிதர் கால் மணி நேரத்துக்கு மேல் கோல் காத்திருக்கிறார்! இறுதியாட்டத்துக்கு முன்னரே அவ்வாண்டின் சிறந்த ஆட்டக்காரராக இங்கிலாந்தின் கால்பந்து எழுத்தாளர்கள் அவரைத் தேர்ந்தெடுத்திருந்தனர். அவ்விருதைப் பெற்ற முதல் கோல் காப்பாளர் அவரே.

இந்நிகழ்ச்சியை வீரச் செயல் என்று எல்லாரும் எழுதினர், நாமும் மறுக்கவில்லை. எனினும் ஒரு தந்தையின் கண்ணால் பார்ப்போர், அடுத்து வந்ததைக் கேட்டால் கழுத்தெலும்பை மறந்துவிடுவர். கட்டுப்போட்ட நிலையில் அவர் குணமடைந்துகொண்டிருந்த சில வாரங்களுக்குள், ஐந்து வயதே ஆன அவருடைய மகன் கார் மோதி இறந்தான். 1950-இல் தாம் மணந்த ஆங்கிலப் பெண்ணுக்கும் அவருக்கும் பிறந்த முதல் பிள்ளை அவன். கோப்பையை வென்ற வீட்டில் அழுகை. குண்டுக்குத் தப்பி, காட்டுக்குத் தப்பி, வெம்பிளிக்கும் தப்பி வந்தவருக்கு இதிலிருந்து தப்ப வழியில்லாமற் போயிற்று. அந்தக் குடும்பம் அதற்குப் பின் பழைய குடும்பமாக இல்லை. ஆண்டுகள் சில கடந்து கணவனும் மனைவியும் பிரிந்தனர். திருமணத்துக்கு முன்னரே வேறொரு பெண்ணிடம் அவருக்கு ஒரு மகள் பிறந்திருந்தாள். தாயையும் சேயையும் விட்டு அகன்றவர், அந்த மகளைப் பல பத்தாண்டுகள் கழிந்த பிறகே சந்தித்தார். ரபி ஆல்ட்மன் வைத்த நிபந்தனையை எண்ணும்போது இதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

களத்திலும் அவர் முன்கோபி. 1962 செப்டம்பரில் வெஸ்ட் ஹாம் அணியிடம் 6-1 என்று தோற்றுக்கொண்டிருந்த வேளையில், ஒரு கோலை ஒப்புக்கொள்ள மறுத்து நடுவரை நோக்கிப் பந்தை அடித்ததால் வெளியேற்றப்பட்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு. அவரை நெடுங்காலம் அருகிருந்து பார்த்த ஊராருக்கு இக்குணம் தெரியாததன்று. தெரிந்தே நேசித்தார்கள். வந்த நாளில் அவரை ஜெர்மானியர் என்று மட்டுமே பார்த்தவர்கள், இப்போது கோபக்காரராகிய பெர்ட் என்று பார்த்தார்கள். நம் கருத்தில், ஒருவரை ஏற்றுக்கொண்டதற்கு இதனினும் பெரிய அடையாளம் வேண்டுவதில்லை.

முறிந்த கழுத்தோடு அவர் தொழில் முடிந்ததென்றே மருத்துவர்கள் அஞ்சினர். 1956 டிசம்பரிலேயே மீண்டும் ஆட வந்துவிட்டார். தொடக்கத்தில் தடுமாற்றம் இருந்தது. அணி மாற வேண்டும் என்ற பேச்சும் எழுந்தது. ஆனால் மேலும் ஏழு ஆண்டுகளுக்கு அதிகமாக அவ்விடத்தைக் காத்தார். அதற்கிடையில் 1958 பிப்ரவரியில் மியூனிக் விமான விபத்து நேர்ந்தது. பத்திரிகையாளராகச் சென்றிருந்த ஃபிராங்க் ஸ்விஃப்டும் அதில் மாண்டார். டிரவுட்மனின் இடத்தில் முன்பு நின்றவர், டிரவுட்மன் பிறந்த நாட்டு மண்ணிலே உயிர் துறந்தார்.

1964 ஏப்ரல் 15-ஆம் நாள் மெயின் ரோடு மைதானத்தில் அவருக்குப் பிரிவு உபசார ஆட்டம் நடைபெற்றது. பாபி சார்ல்டன், டெனிஸ் லா ஆகிய யுனைட்டெட் வீரர்களும் சிட்டி வீரர்களும் ஒரே அணியாக நின்றனர். ஸ்டான்லி மேத்யூஸ், டாம் ஃபின்னி போன்றோர் எதிரணியில் ஆடினர். சீட்டு வாங்கி வந்தவர் மட்டும் ஏறத்தாழ 47,000 பேர். ஆட்டம் முடியும் தறுவாயில் கூட்டம் மைதானத்துள் பாய்ந்தது. அவர் காத்த கோல் கம்பங்களையே பெயர்த்தெடுத்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அவர் வரக்கூடாதென்று திரண்ட ஊர், இப்போது அவர் நின்ற இடத்தில் வேறெவரும் நிற்கக்கூடாது என்பதுபோல் நடந்துகொண்டது.

அதன்பின் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் சில சங்கங்களை நடத்திப் பார்த்தார். பெரிய வெற்றி கிட்டவில்லை. எழுபதுகளில் மேற்கு ஜெர்மனி அவரை வளரும் நாடுகளுக்குப் பயிற்சியாளராக அனுப்பியது. முதலில் பர்மா. அவர் பயிற்றுவித்த அந்நாட்டு அணி 1972-ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக் போட்டிக்குத் தகுதி பெற்றது. பின்னர் டான்சானியா, லைபீரியா, பாகிஸ்தான் எனப் பல நாடுகளில், காலணியில்லாப் பிள்ளைகளுக்கும் பந்து பிடிக்கக் கற்பித்தார். 1988-இல் ஓய்வு பெற்று ஸ்பெயின் நாட்டில் வாலென்சியா அருகே கடற்கரையூர் ஒன்றில் தங்கினார். பிறந்த நாட்டிலும் தங்கவில்லை, புகழ் தந்த நாட்டிலும் தங்கவில்லை.

தம்முடைய கல்வி இங்கிலாந்தில்தான் தொடங்கியது என்று அவர் பலமுறை கூறியிருக்கிறார். சிறைப்பட்டு வந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்று. பள்ளியும் சிறுவர் படையும் இராணுவமும் கற்றுத்தந்தவற்றை ஒவ்வொன்றாக மறப்பதே அக்கல்வியின் முதற்பாடம். அவரை ஏசிய கூட்டமும், அவருக்காக எழுதிய ரபியும், கைகுலுக்கிய வெஸ்ட்வுட்டும் அக்கல்வியின் ஆசிரியர்கள். சம்பளம் பெறாத ஆசிரியர்கள்.

2004-இல் ஆங்கில, ஜெர்மானிய மக்களிடையே நல்லுறவு வளர்த்தமைக்காக அவருக்குப் பிரிட்டிஷ் அரசின் ஓ.பி.இ. விருது வழங்கப்பட்டது. அவ்வாண்டு பெர்லினில் எலிசபெத் அரசியைச் சந்தித்தார். ஒருகாலத்தில் ஹிட்லருக்காகப் போரிட்டவரைப் பார்த்து அரசி போரைப் பற்றி ஏதும் வினவவில்லை. கழுத்து வலி இன்னும் இருக்கிறதா என்று கேட்டாராம். டிரவுட்மன் அதை மகிழ்வோடு பலரிடமும் சொல்லித் திரிந்தார். 2013 ஜூலை 19-ஆம் நாள், எண்பத்தொன்பதாம் வயதில், ஸ்பெயினிலுள்ள தம் வீட்டில் காலமானார். செய்தி பரவியபோது மான்செஸ்டர் மக்கள், தங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் மறைந்தாற்போல் துக்கம் கொண்டாடினர்.